கரண்ட் இரண்டாம் முறை வைத்த பிறகு

நம் ஊரில் ரேடியேஷன் சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் சொல்கிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒருமுறை கரண்ட் வைத்து, ஏழெட்டு வருடம் நன்றாக இருந்து, பிறகு பிஎஸ்ஏ (புராஸ்டேட் நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) ஏறி, நோய் அதே சுரப்பியில் திரும்பியிருப்பது தெரிந்து, இரண்டாம் முறையும் கரண்ட் வைத்துக்கொள்கிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். முன்பெல்லாம் இவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் ஊசிதான் கதி. நோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனும், மில்லிமீட்டர் கணக்கில் குறிவைக்கும் கருவிகளும் வந்தபின் நிலைமை மாறியது.

சிகிச்சை முடிந்த அன்று வீட்டார் கேட்பது ‘நோய் போய்விட்டதா’ என்பதைத்தான். அதற்குத் தெளிவான பதில் கிடைக்க ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதற்கிடையில் அவருடைய தூக்கம், பயணம், கோயில், கல்யாணம், தாம்பத்தியம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது, இரண்டு முறை கதிர்பட்ட அந்தச் சிறு இடம் எப்படி ஆறுகிறது, அதில் யார் எதற்காகக் கை வைக்கிறார்கள் என்பதுதான். இங்கே எழுதுவது முழுக்க அதைப் பற்றி.

புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே இருக்கிறது. சிறுநீர்க்குழாய் அதன் நடுவே போகிறது. மலக்குடலின் முன்சுவர் அதன் முதுகில் ஒட்டியிருக்கிறது. முதல் சுற்றில் 20 அமர்வில் 60 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), அல்லது 39 அமர்வில் 78 கிரே என்ற அளவில் கதிர்வீச்சு போயிருக்கும். அப்போதே அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கி, திசு கொஞ்சம் இறுகியிருக்கும். இரண்டாம் சுற்று பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்று: வெளியிலிருந்து 5 அல்லது 6 அமர்வில், அமர்வுக்குச் சுமார் 6 கிரே கொடுக்கும் எஸ்பிஆர்டி, மயக்கம் கொடுத்து, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஊசிகள் செருகி, அவற்றுக்குள் இரிடியம்-192 மூலத்தைச் சில நிமிடம் ஓடவிட்டு எடுக்கும் எச்டிஆர் பிராக்கிதெரபி, அயோடின்-125 விதைகளை நிரந்தரமாகப் பதித்துவிடும் எல்டிஆர். எதுவானாலும், ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த திசு மறுபடி அடி வாங்குகிறது. அங்கே ஒரு காயம் பட்டால் சாதாரண உடம்பில் ஆறுவதுபோல் ஆறாது. இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எச்சரிக்கைகள் எல்லாம் தானாகப் புரியும்.

பயப்படவும் தேவையில்லை. ரேடியேஷனுக்குப் பின் திரும்பிய நோய்க்குச் செய்யும் சிகிச்சைகளைப் பற்றிய 150 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2021-ல் வெளியானது. எஸ்பிஆர்டி, எச்டிஆர் இரண்டிலும் ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் 60 சதவீதம். கடுமையான சிறுநீர்ப் பாதைத் தொல்லை, மறுகதிர்வீச்சு வகைகளில் 4 முதல் 8 சதவீதம். சுரப்பியை அறுவையில் எடுத்தவர்களிடமும் ஹைஃபு என்ற, ஒலியலையால் சுடும் சிகிச்சை செய்தவர்களிடமும் 21 சதவீதத்துக்கு மேல். அமெரிக்காவில் எல்டிஆர் விதைகளை மட்டும் பார்த்த ஆர்டிஓஜி 0526 ஆய்வில், பிற்காலக் கடுமையான பாதிப்பு 14 சதவீதம் பேருக்கு வந்தது. ஆக, பத்தில் எட்டொன்பது பேருக்கு மேல் பெரிய இடி இல்லாமல் கடக்கிறார்கள். ஆனால் சின்னத் தொல்லைகள் ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. அவற்றைச் சரியாகக் கவனிக்காவிட்டால் அவையே பெரிய இடியாகும்.

தொடங்கும் முன்பே செய்யவேண்டியவை

முதலில் பழைய ஃபைல். முதல் ரேடியேஷன் நடந்த இடத்திலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கினால் போதாது. ‘டைகாம்’ என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் சிடி படங்கள், உறுப்புகளை வரைந்த கோப்பு, திட்டக் கோப்பு, டோஸ் கோப்பு என்று நான்கும் பென் டிரைவில் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மலக்குடலின் எந்த மில்லிமீட்டர் எத்தனை கிரே வாங்கியது என்பதை வைத்துத்தான் இரண்டாம் திட்டம் போடமுடியும். கணினி மாற்றும்போதும் மென்பொருள் மாற்றும்போதும் பழைய திட்டங்கள் தொலைந்துபோவது உண்டு. கோபால்ட் இயந்திரத்தில் சிகிச்சை எடுத்தவர்களுக்குக் காகிதப் பதிவு மட்டுமே இருக்கும். அதுவும் கிடைத்தால் பெரிய உதவி. தாமதிக்க வேண்டாம்.

இரண்டாவது, இப்போதிருக்கும் நிலையை எண்ணில் எழுதி வைப்பது. ஐபிஎஸ்எஸ் என்ற ஏழு கேள்விப் படிவம் எந்தச் சிறுநீரக மருத்துவரிடமும் (யூராலஜிஸ்ட்) இருக்கும். மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை. எபிக்-26 என்ற படிவம் கசிவு, சிறுநீர் எரிச்சலும் தடையும், மலம், உடலுறவு, ஹார்மோன் என்று ஐந்தையும் தனித்தனியே 100-க்கு மதிப்பிடும். அதில் கூடுதல் மதிப்பெண் நல்லது. இதைச் செய்யாமல் தொடங்கியவர்கள் ஒரு வருடம் கழித்து, ‘முன்னாடியே இப்படித்தான் இருந்ததா, கரண்டால் வந்ததா’ என்று தெரியாமல் திணறுகிறார்கள். தொடக்கத்திலேயே ஐபிஎஸ்எஸ் 20-ஐத் தொட்டிருந்தால், அதைக் குறைத்த பிறகு தொடங்குவதே நல்லது. அடைப்போடு உள்ளே போகிறவர் சிறுநீர் டியூபோடு வெளியே வர வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்யவேண்டிய வயதோ காரணமோ இருந்தால் அதை முன்கூட்டியே முடித்துவிடுவது. ஏன் என்பது மலக்குடல் பகுதியில் வரும்.

சிறுநீர்: அதிகம் படுத்துவது இதுதான்

முதல் ஆறு முதல் எட்டு வாரம் நீர்க்கடுப்பு, அவசரம், இரவில் நான்கைந்து முறை எழுவது எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மிகி ஒரு நாளைக்கு ஒன்று, தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்து, என்று பெரும்பாலும் எழுதித் தருவார்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். இரவில் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழவேண்டும். கண்புரை அறுவைக்குப் போவதாக இருந்தால் இந்த மாத்திரை எடுப்பதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கருவிழி தளர்ந்து அறுவையில் சிக்கல் தரும்.

‘அடிக்கடி போகிறது’ என்று மட்டும் சொன்னால் எந்த மருத்துவராலும் சரியாக முடிவெடுக்க முடியாது. மூன்று நாள், 24 மணி நேரமும், அளவுக் கோப்பையில் பிடித்து எழுதுங்கள்: நேரம், குடித்தது, போனது, கசிவு. ஒருவருடைய நோட்டில் காலை 6:10 – 90 மிலி, 7:00 – 70 மிலி, 7:50 – 80 மிலி என்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுநீர்ப்பை கொஞ்சம்தான் பிடிக்கிறதா, அல்லது முழுக்கக் காலியாகாமல் மேலே வழிவதை மட்டும் விடுகிறதா? இரண்டுக்கும் நோட்டு ஒரே மாதிரி இருக்கும். போய் முடித்த உடனே வயிற்று ஸ்கேனில் மீதிச் சிறுநீர் பார்த்தால்தான் விடை. மீதி 20 மிலி என்றால் எரிச்சல். 250 மிலி என்றால் அடைப்பு. அடைப்புக்காரருக்கு ‘அவசரத்தை’ அடக்கும் சோலிஃபெனாசின் போன்ற மாத்திரையைக் கொடுத்தால் சிறுநீர் முழுசாக நின்றுபோகலாம். சொட்டுச் சொட்டாகக் கசிகிறது என்று சொல்லி இந்த மாத்திரையை மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போட்டு, ராத்திரியில் வயிறு புடைத்து அவசரப் பிரிவுக்கு ஓடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அதே நோட்டில் பகலில் மொத்தம் 700 மிலி, இரவில் 900 மிலி என்று இருந்தால் பிரச்சினை பையில் இல்லை. நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போகிறது என்றால் கால் வீக்கம், இதயம், குறட்டையோடு மூச்சு நின்று வரும் தூக்கக் கோளாறு, சர்க்கரை இவற்றைப் பார்க்கவேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கால்களைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்தாலே பலருக்கு இரவில் இரண்டு முறை குறைகிறது. கதிர்வீச்சு மேல் பழி போட்டு இந்த எளிய வழியைத் தவறவிடுகிறார்கள்.

ஆறு மாதம் கழித்து எல்லாம் அடங்கியபின், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள், வேகம் மெல்ல மெல்லக் குறைந்தால் அது குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம். சிறுநீர் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ சோதனை எடுத்தால் தாளிலேயே தெரியும்: சாதாரணமாக மலைபோல் ஏறி இறங்கவேண்டிய கோடு, சுருக்கத்தில் மேசைபோல் தட்டையாக நீளும். உச்ச வேகம் நொடிக்கு 10 மிலிக்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கும். 150 மிலியாவது போனால்தான் அந்தச் சோதனை செல்லும். பாதிப் பையோடு எடுத்த தாளை நம்பவேண்டாம். சுருக்கத்தை விரித்துவிடலாம், உள்ளிருந்து கீறிவிடலாம். ஆனால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், பலருக்கு வாரத்தில் சில முறை தாங்களே மெல்லிய டியூப் விட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறார்கள். கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். பழகினால் பத்து நிமிட வேலை.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ‘அடைப்புதானே, சுரண்டி விட்டால் சரியாகும்’ என்று குழாய் வழியே கருவி விட்டுப் புராஸ்டேட்டைச் சுரண்டும் டியூஆர்பி அறுவை செய்யச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இருமுறை கதிர்பட்ட சுரப்பியைச் சுரண்டினால் ஆறாத குழி விழுவதும், நிரந்தரக் கசிவு வருவதும், அரிதாக முன்பக்க இடுப்பெலும்பு வரை ஓட்டை போய்ச் சீழ் பிடிப்பதும் நடக்கிறது. தவிர்க்கமுடியாதபோது, மறுகதிர்வீச்சு நோயாளிகளைப் பார்த்துப் பழகிய சிறுநீரக மருத்துவர், குறைந்த அளவில், ரேடியேஷன் மருத்துவரைக் கலந்து செய்யவேண்டிய வேலை அது. டியூப் போடுவதும் அப்படித்தான். முதல் முயற்சியில் போகவில்லை என்றால் அழுத்தி நுழைக்கக்கூடாது. சிறுநீரக மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கசிவுக்கு இடுப்புத்தள தசைப் பயிற்சி உதவும். காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி 5 நொடி, தளர்த்தி 10 நொடி. பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்காமல், தொடையை இறுக்காமல், சிறுநீர் போகும்போது செய்யாமல். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். சிறுநீர் தொடங்கவே தாமதமாகிறவர், இடுப்பில் இறுக்கமும் வலியும் உள்ளவர் இதைச் செய்யவேண்டாம். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சிதான் வேண்டும், அதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரவேண்டும். கசிவு கூடுகிறதா குறைகிறதா என்று அறிய, 24 மணி நேரத்தில் மாற்றிய பேடுகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, காய்ந்த பேடின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் என்பது ஒரு மிலி. பெண்களின் நாப்கின் அவசரத்துக்கு ஆகும். ஆனால் சிறுநீர் பாயும் வேகத்தை அது உறிஞ்சாது. ஆண்களுக்கான கசிவுப் பேடை ஆன்லைனில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

மலக்குடல்: மூலம் என்று நினைத்துவிடாதீர்கள்

ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் மலத்தோடு சிவப்பாக ரத்தம் வரலாம், சளிபோல் சீதம் வரலாம். வீட்டில் உடனே ‘மூலம்’ என்பார்கள். ஊருக்கு ஊர் மூலத்துக்கு ஊசி, ரப்பர் வளையம், லேசர் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். இருமுறை கதிர்பட்ட மலக்குடலில் இவற்றில் எதைச் செய்தாலும் ஆறாத புண்ணாகலாம். அந்தப் புண் ஆழமாகிச் சிறுநீர்க்குழாய் வரை ஓட்டை விழுந்தால், மலம் சிறுநீரிலும் சிறுநீர் ஆசனவாயிலும் வரும் ஃபிஸ்டுலா. அதைச் சரிசெய்யப் பெரிய அறுவையும், வயிற்றில் மலப்பையும் வேண்டிவரும்.

ரத்தம் வந்தால் கட்டாயம் பார்க்கவேண்டும். வேறு நோயாகவும் இருக்கலாம். ஆனால் பார்ப்பவரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: ‘புராஸ்டேட்டுக்கு இரண்டு முறை ரேடியேஷன். மலக்குடலின் முன்சுவரில் பயாப்ஸி எடுக்காதீர்கள், ரத்தத்தை நிறுத்தச் சுடாதீர்கள், என் ரேடியேஷன் மருத்துவரிடம் பேசாமல்.’ முன்சுவரில் தெரியும் சிவந்த, மெலிந்த திட்டு கதிர்வீச்சின் வழக்கமான தடம். பார்த்தவுடன் அதில் ஒரு துண்டு எடுக்கக் கை துறுதுறுக்கும். அந்தத் துண்டுதான் பலருக்கு ஃபிஸ்டுலாவின் ஆரம்பம். முன்கூட்டியே கொலனோஸ்கோபியை முடிக்கச் சொன்னது இதனால்தான்.

எப்போதாவது டிஷ்யூவில் சிவப்பு தெரிந்தால், ஹீமோகுளோபின் இறங்காத வரை, மலத்தை இளக்குவதே போதுமான சிகிச்சை. ராத்திரி ஒரு தேக்கரண்டி இசப்கோல், ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில். தண்ணீர் குறைந்தால் அதுவே கட்டிப்படும். முக்கக்கூடாது. குத்தவைத்து உட்கார முடியாதவர்கள் வெஸ்டர்ன் கழிப்பறையில் காலுக்கு அரை அடி உயர ஸ்டூல் வைத்துக்கொள்ளலாம். ரத்தம் தொடர்ந்தால், சுக்ரால்ஃபேட் 2 கிராமைச் சுமார் 30 முதல் 50 மிலி தண்ணீரில் கரைத்து, மெல்லிய மென்மையான குழாயால், எண்ணெய் தடவி, முன்பக்கம் இடிக்காமல், நாளைக்கு இரண்டு வேளை எனிமாவாகக் கொடுப்பது மென்மையான வழி. மருத்துவர் சொல்லி, ஒருமுறை செவிலியர் செய்துகாட்டிய பிறகே வீட்டில் செய்யுங்கள். கடைகளில் கிடைக்கும் கடினமான பிளாஸ்டிக் முனையுள்ள எனிமா வேண்டாம்.

சிறுநீரில் ரத்தம் வந்தால் கணக்கு வேறு. ரோஸ் நிறத்தில் ஒருமுறை வந்து நின்றால் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் சொல்லலாம். கட்டியாக வந்தால் அன்றே போங்கள். கட்டி அடைத்தால் மூன்று வழி டியூப் போட்டுக் கழுவவேண்டிவரும். ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது, இதய மருத்துவரைக் கேட்கவேண்டும். திரும்பத் திரும்ப வரும் கதிர்வீச்சுச் சிறுநீர்ப்பை அழற்சிக்கு உயரழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சை ஒரு நல்ல வழி. நார்டிக் நாடுகளில் நடந்து 2019-ல் வெளியான ரிச்-ஆர்ட் ஆய்வில், வளிமண்டலத்தைப் போல் சுமார் இரண்டரை மடங்கு அழுத்தத்தில், 30 முதல் 40 அமர்வுகள் கொடுத்தபோது சிறுநீர்த் தொல்லைகள் தெளிவாகக் குறைந்தன. செலவும் அலைச்சலும் உண்டு. சுடுவதற்கும் அறுப்பதற்கும் முன் கேட்டுப் பார்க்கவேண்டிய வழி இது.

தாம்பத்தியம், மாத்திரை, பிஎஸ்ஏ

விறைப்பு பெரும்பாலோருக்கு முதல் சுற்றிலேயே குறைந்திருக்கும். இரண்டாவதில் இன்னும் குறையும். விந்து அநேகமாக வராது. இதைப் பற்றிக் கணவனும் மனைவியும் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்வதில்லை. மனைவி ‘நோய் தொற்றுமோ’ என்று ஒதுங்குவதை, கணவன் வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். நோய் தொற்றாது. டடாலஃபில் மாத்திரை, வெற்றிடக் கருவி, ஊசி என்று வழிகள் இருக்கின்றன, வெட்கப்படாமல் கேளுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் வகை மருந்து எடுப்பவர்கள் மட்டும் டடாலஃபிலையோ சில்டெனாஃபிலையோ தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும்.

பிஎஸ்ஏ மெதுவாகத்தான் இறங்கும். பிராக்கிதெரபிக்குப் பிறகு ஒன்று ஒன்றரை வருடத்தில் கொஞ்சம் எம்பிவிட்டுத் தானாக இறங்குவதும் உண்டு. ரேடியேஷனுக்குப் பிறகு நோய் திரும்பியது என்று கணக்கிட, தொட்ட அடிமட்டத்துக்கு மேல் 2 நானோகிராம் ஏறவேண்டும் என்ற பீனிக்ஸ் அளவுகோலே வழக்கத்தில் இருக்கிறது. மாதாமாதம் எடுத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, ஒரே லேபில் எடுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும், டியூப் போட்ட கையோடும் எடுத்த எண் செல்லாது. இன்னொன்று: டாம்சுலோசினோடு டூட்டாஸ்டெரைட் சேர்ந்த மாத்திரை நம் கடைகளில் நிறைய விற்கிறது. சுரப்பியைச் சுருக்கும் டூட்டாஸ்டெரைட் பிஎஸ்ஏ-வைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அதைத் தொடங்கினால் இறக்கம் பொய், நிறுத்தினால் ஏற்றம் பொய். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டாவது பெயரைப் படியுங்கள்.

வீட்டில், வெளியில்

எஸ்பிஆர்டி, எச்டிஆர் எடுத்தவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. தனித்தட்டு, தனித்தம்ளர், பேரப்பிள்ளையைத் தூக்கக்கூடாது என்பதெல்லாம் அவரை வீட்டிலேயே அனாதையாக்கும் வேலை. அயோடின் விதை பதித்தவர் மட்டும், முதல் இரண்டு மாதம் குழந்தைகளை மடியில் நெடுநேரம் வைக்காமலும் கர்ப்பிணிகளுக்கு நெருக்கமாக உட்காராமலும் இருந்தால் போதும். அந்த விதையின் வீரியம் 60 நாளைக்கு ஒருமுறை பாதியாகிறது.

தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திவிடலாம். பயணத்துக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும். காபி, காரக்குழம்பு இரண்டையும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறும். நீண்ட தூரத்துக்கு பஸ்ஸைவிட ரயில், அதில் கழிப்பறைப் பக்கத்துக் கீழ்ப் படுக்கை. பஸ்தான் என்றால் ஏறும் முன் ஒருமுறை, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை போய்விட்டு ஏறுங்கள். வெள்ளை வேட்டியில் ஈரம் தெரியும் என்று கல்யாணங்களைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே பேடும், பையில் மாற்று வேட்டி ஒன்றும் இருந்தால் முகூர்த்தம் முடியும்வரை உட்காரலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை: அடிவயிறு இறுகி ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் வராதது, குளிரோடு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ரத்தக் கட்டிகள், சிறுநீர் போகும்போது குமிழி குமிழியாகக் காற்று வருவது. கடைசியாகச் சொன்னதை வாயுத் தொல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஃபிஸ்டுலாவின் முதல் அறிகுறி பலருக்கு அதுதான். நடக்கும்போது முன்பக்க இடுப்பெலும்பில் புதிதாக வலி வந்தால் ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள்.

பர்ஸில் ஆதார் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அட்டை வையுங்கள், ஆங்கிலத்தில் எழுதி, லேமினேட் செய்து. முதல் ரேடியேஷன் ஆண்டும் டோஸும், இரண்டாவது ஆண்டும் முறையும் டோஸும், மலக்குடல் முன்சுவரில் பயாப்ஸியோ சுடுதலோ கூடாது, டியூபை அழுத்திப் போடக்கூடாது, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரையின் பெயர், ரேடியேஷன் மருத்துவரின் தொலைபேசி எண். அதே அட்டையின் படம் மனைவி, மகன், மகள் எல்லாருடைய போனிலும் இருக்கட்டும். அவசரப் பிரிவில் ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இந்த நோயாளியின் பன்னிரண்டு வருட வரலாறு தெரியாது. அட்டையைப் படிக்க அவருக்கு அரை நிமிடம் போதும்.